இரத்தக் கொதிப்பு மாத்திரை குறைக்கப்படும் பொழுது

நம் தோட்டப்புறங்களில் இரத்தக் கொதிப்பு என்ற சொல்லை அறியாதார் இலர். 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வு, மலேசியாவில் பதினெட்டு வயதை எட்டியவர்களுள் பத்துப் பேரில் மூவருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. மருந்தைத் தொடங்குவது குறித்தும், அதனைத் தவறாது உட்கொள்வது குறித்தும் மருந்தகங்களில் போதிய அளவு சொல்லப்படுகிறது. ஆனால், பல்லாண்டுகள் மருந்து உண்டு வந்த ஒருவரிடம், "இனி இந்த மாத்திரையில் பாதி போதும்" என்று மருத்துவர் கூறும் நாளில் என்ன நிகழ்கிறது, அதற்கடுத்த நான்கைந்து வாரங்களில் உடல் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பது பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருந்து குறைக்கப்பட்டவுடன் மக்களிடையே இருவகை மனநிலை தோன்றக் காணலாம். ஒரு சாரார், "நோய் தீர்ந்துவிட்டது, அதனால்தான் குறைத்துவிட்டார்" என்று மகிழ்ந்து, எஞ்சிய பாதியையும் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். மற்றொரு சாரார், "மருந்து பாதியாயிற்றே, இனிப் பக்கவாதம் வந்துவிடுமோ" என்று அஞ்சி, வீட்டில் மீந்திருக்கும் பழைய மாத்திரையையே இரகசியமாகத் தொடர்ந்து விழுங்குகின்றனர். இவ்விரண்டுமே தீங்கு விளைவிப்பவை. குறைக்கப்பட்ட அளவு என்பது நோய் தீர்ந்ததற்கான சான்றிதழும் அன்று. மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்பதற்கு அடையாளமும் அன்று. அது சில வாரங்கள் உற்று நோக்கிப் பார்க்க வேண்டிய ஒரு சோதனைக் காலத்தின் தொடக்கமாகும்.

பால்வெட்டுத் தொழிலாளர்க்கு அழுத்தம் என்பது புதிய செய்தியன்று. விடியுமுன் வெட்டிய மரம் மங்கு நிறையப் பால் வடிப்பதும், வெயில் ஏறியபின் வெட்டிய மரத்தில் பால் குன்றுவதும் ஏன்? இரவில் இரப்பர் மரம் வேரின் வழியே நீரை ஏற்றுப் பட்டையிலுள்ள பால்குழாய்களை இறுக்கமாக நிரப்பி வைக்கிறது. பொழுது ஏறியதும் இலைகளின் வழியே நீர் ஆவியாகி வெளியேற, அவ்விறுக்கம் தளர்கிறது. நம் உடலிலும் இரத்தம் குழாய்ச் சுவர்களின் மீது செலுத்தும் விசையே இரத்த அழுத்தம் எனப்படுகிறது. இதயம் சுருங்கும்போது தோன்றும் விசை மேல் எண். அது விரியும்போது எஞ்சும் விசை கீழ் எண். மரத்தைப் போலன்றி மனிதரின் அழுத்தம் உறக்கத்தில் தாழ்ந்து, விழித்தெழும் வேளையில் ஏறத் தொடங்குகிறது. எனினும் இருவர்க்கும் பொதுவான நியதி ஒன்று உண்டு. உடலில் நீர் குறைந்தால் அழுத்தமும் குறையும். இதனை நினைவிற் கொண்டால், பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

மருத்துவர் ஏன் அளவைக் குறைக்கிறார்? காரணம் ஒன்றன்று.

முதலாவது, மருந்தினால் விளையும் தொல்லை. நம் அரசாங்க மருந்தகங்களில் மிகுதியாக வழங்கப்படும் மருந்துகளுள் அம்லோடிப்பின் ஒன்று. இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிவாக்கும் இம்மருந்தினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். மாலையில் சப்பாத்தைக் கழற்றும்போது காலுறையின் விளிம்பு தோலில் ஆழமாகப் பதிந்திருப்பதைக் கொண்டு இதனை அறியலாம். இவ்வீக்கம் மருந்தின் அளவைப் பொறுத்தது. இம்மருந்துக்கென வெளியிடப்பட்டுள்ள குறிப்பின்படி, சோதனைகளில் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் உண்டவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ பதினொருவருக்கு வீக்கம் கண்டது. 5 மில்லிகிராம் உண்டவர்களுள் நூற்றுக்கு மூவருக்கே கண்டது. எனவே, கால் வீக்கம் கண்டவருக்கு 10 மில்லிகிராமை 5 ஆகக் குறைப்பது வழக்கமான நடவடிக்கையே.

இரண்டாவது காரணம் நம் தொழிலோடு நேரடித் தொடர்புடையது. தாழ்வான வெட்டுப்பட்டையில் குனிந்து வெட்டிவிட்டு நிமிரும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? படுக்கையிலிருந்து எழுந்தவுடன் தலை கிறுகிறுக்கிறதா? நாம் நிமிரும்போது இரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. உடனே குழாய்கள் சுருங்கி, இதயம் சற்று விரைந்து, மூளைக்குச் செல்லும் இரத்தத்தை உடல் நிலைநிறுத்துகிறது. மருந்தின் வலிமை மிகுந்துவிட்டால், அல்லது வியர்வையால் உடலில் நீர் குறைந்துவிட்டால், இவ்வேலை தாமதப்படுகிறது. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்குமானால், அதனை மருத்துவர்கள் நிமிர்நிலைத் தாழ்வழுத்தம் எனக் கருதுவர். மேட்டிலும் சரிவிலும் உளியுடன் நடப்பவருக்கும், பால் நிறைந்த வாளிகளைத் தூக்கிக் கால்வாய்ப் பாலத்தைக் கடப்பவருக்கும் இந்தக் கிறுகிறுப்பு சிறு தொல்லையன்று. விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர் மீண்டும் வெட்டுக்குச் செல்வது அரிது. "வயதானால் தலை சுற்றத்தானே செய்யும்" என்று எண்ணி இதனை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவோரே மிகுதி. சொன்னால்தான் அவர் அளவை மாற்ற இயலும்.

மூன்றாவது காரணம் மகிழ்ச்சிக்குரியது. உடல் பருத்தவர் எடை குறைந்தால், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி வீதம் அழுத்தமும் இறங்குகிறது. உப்பைக் குறைத்தவருக்கும், மதுவைக் கைவிட்டவருக்கும் அவ்வாறே. முன்பு பொருத்தமாக இருந்த மருந்தின் அளவு இப்போது அவர்களுக்கு மிகையாகிவிடுகிறது. இவையன்றி, முதுமை, பசியின்மை, சிறுநீரகத் தளர்ச்சி ஆகியவற்றாலும் அளவு மாற்றப்படுவதுண்டு.

இனி, அச்சம் கொள்வோருக்கு ஒரு செய்தி. மாத்திரை பாதியாயிற்று என்றால் அதன் பயனும் பாதியாயிற்று என்று கணக்கிடுதல் பொருந்தாது. 2003ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரை, 354 ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தது. வழக்கமான அளவில் ஒரு மருந்தை உண்டவர்களுக்கு மேல் எண் சராசரியாக 9 புள்ளி இறங்கியது. அதே மருந்தின் பாதி அளவை உண்டவர்களுக்கு 7 புள்ளி இறங்கியது. அஃதாவது, மருந்து பாதியானபோது பயன் ஐந்தில் ஒரு பங்கே குறைந்தது. நீர் இறக்கும் மாத்திரை, இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரை, அம்லோடிப்பின் போன்ற குழாய் விரிக்கும் மாத்திரை ஆகியவற்றில் பக்கவிளைவுகளோ அதைவிடக் கூடுதலாகவே குறைந்தன. தேநீரில் முதற் கரண்டிச் சீனி தரும் இனிப்பும், நான்காவது கரண்டி கூட்டும் இனிப்பும் ஒன்றல்லவே. மருந்தும் ஏறத்தாழ அவ்வாறே செயற்படுகிறது.

மகிழ்ச்சியால் மருந்தையே நிறுத்திவிடத் துணிவோர் அறியத்தக்க ஆய்வு ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் நடைபெற்று 2020ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அந்த ஆய்வில், 80 வயதை எட்டிய 569 பேர் பங்கேற்றனர். இவர்கள் அனைவரும் இரண்டோ அதற்கு மேற்பட்டோ இரத்தக் கொதிப்பு மருந்துகள் உண்டு வந்தவர்கள். மேல் எண் 150க்கும் கீழ் இருந்தவர்கள். ஒரு பாதியினருக்கு மட்டும், மருத்துவரின் மேற்பார்வையில் ஒரு மருந்து விலக்கப்பட்டது. பன்னிரண்டு வாரங்களுக்குப்பின் பார்த்தபோது, மருந்து குறைக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு 86 பேரும், குறைக்கப்படாதவர்களுள் நூற்றுக்கு 88 பேரும் 150க்கும் கீழேயே இருந்தனர். வேறுபாடு சிறிதே. ஆனால் கவனிக்க வேண்டிய மறுபக்கமும் உண்டு. குறைக்கப்பட்டோருள் ஏறத்தாழ மூவரில் இருவரே அந்தக் குறைந்த மருந்தில் பன்னிரண்டு வாரமும் நிலைத்தனர், ஏனையோர் நிலைக்கவில்லை. யார் நிலைப்பார், யார் நிலையார் என்பதை முன்கூட்டியே முகத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. அளந்து பார்த்துத்தான் சொல்ல இயலும். பழைய அளவுக்கே திரும்ப நேர்ந்தால் அது தோல்வியுமன்று; நோயாளியின் குற்றமுமன்று.

குறைப்புக்குப்பின் வரும் நாள்களை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக நோக்குவோம். ஐம்பத்தெட்டு வயதான ஒரு பால்வெட்டு அம்மையாரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறாண்டுகளாக அம்லோடிப்பின் 10 மில்லிகிராம் உண்டு வருகிறார். கடந்த ஓராண்டில் உடல் எடை எட்டுக் கிலோ குறைந்துள்ளது. கால் வீங்குகிறது, நிமிர்ந்தால் கிறுகிறுக்கிறது. மருந்தகத்தில் அளந்தபோது 112க்கு 68. மருத்துவர் 5 மில்லிகிராம் மாத்திரை எழுதித் தந்து, நான்கு வாரங்கழித்து வருமாறு கூறுகிறார்.

மூன்றாம் நாள். பக்கத்து வீட்டில் அளக்கும் கருவி இருக்கிறது. அளந்து பார்த்தால் 114. "பார்த்தீர்களா அக்கா, பாதி மாத்திரையிலும் ஏறவே இல்லை. அப்புறம் அந்தப் பாதியும் எதற்கு?" என்கிறார் அண்டை வீட்டுத் தங்கச்சி. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அம்லோடிப்பின் உடலை விட்டு மெல்ல நீங்கும் மருந்து. உண்ட அளவில் பாதி இரத்தத்திலிருந்து மறைவதற்கே 30 முதல் 50 மணி நேரம் ஆகிறது. புதிய அளவுக்கேற்ப இரத்தத்தில் மருந்து நிலைபெற ஏழெட்டு நாள்கள் செல்லும். ஆகவே, மூன்றாம் நாள் கருவி காட்டிய 114 என்பது பழைய மாத்திரையும் புதிய மாத்திரையும் சேர்ந்து காட்டிய எண். அதனைக் கொண்டு எந்த முடிவுக்கும் வரலாகாது.

இரண்டாம் வாரம். இப்போது மேல் எண் 122, 126, ஒரு நாள் 131 என்று வருகிறது. அம்மையார் திகிலடைகிறார், "ஏறிக்கொண்டே போகிறதே!" என்கிறார். உண்மையில் இது எதிர்பார்க்கப்பட்டதே. கிறுகிறுப்பு நீங்க வேண்டுமானால் அழுத்தம் சற்று ஏறித்தான் ஆக வேண்டும். ஏறுவது கேடன்று, எங்கே போய் நிற்கிறது என்பதே கேள்வி. மேலும், ஒரே மனிதருக்கு ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு புள்ளி ஏறி இறங்குவது இயல்பு. படி ஏறினாலும், பேசினாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும், பிள்ளையைக் கடிந்துகொண்டாலும் எண் மாறும். ஆகவே தனித்தனி எண்ணைக் கண்டு மகிழ்வதையும் கலங்குவதையும் விடுத்து, ஒரு வாரத்தின் சராசரியைக் காணல் வேண்டும்.

மூன்றாம் நான்காம் வாரங்களில் கால் வீக்கம் வடிகிறது, தலைச்சுற்று அகல்கிறது, சராசரி 127க்கு 76இல் நிற்கிறது. இவருக்குப் புதிய அளவு பொருந்திவிட்டது. இதே அம்மையாருக்குச் சராசரி 146க்கு 90 என்று வந்திருக்குமாயின், மருத்துவர் பழைய அளவுக்குத் திரும்பலாம். அல்லது கால் வீங்கச் செய்யாத வேறொரு மருந்தைச் சிறு அளவில் சேர்க்கலாம். அந்த முடிவுக்கு வேண்டிய எண்களைத் திரட்டித் தருவதே இந்த நான்கு வாரங்களில் நோயாளியின் பணி.

எல்லா மருந்துகளும் அம்லோடிப்பினைப் போல் மெல்ல விலகுவன அல்ல. அத்தெனோலோல், மெத்தோபுரோலோல், பிசோபுரோலோல் போன்ற, இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்துகளைத் திடீரென நிறுத்துதல் ஆபத்தானது. கடிவாளத்தைச் சட்டென்று விட்டால் குதிரை பாய்வதுபோல், அதுவரை தணிந்திருந்த இதயம் படபடக்கும். இதய நோயுள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும் கூட நேரலாம். ஆகவேதான் இவற்றை மருத்துவர் ஓரிரு வாரங்களிலோ அதற்கு மேலோ படிப்படியாகக் குறைக்கிறார். முதற் சில நாள்களில் இலேசான படபடப்புத் தோன்றலாம். அது நீடித்தாலோ நெஞ்சை அடைத்தாலோ உடனே மருந்தகம் செல்ல வேண்டும். நீர் இறக்கும் மாத்திரை குறைக்கப்பட்டவர்களுக்கு முதல் வாரத்தில் எடை சற்றுக் கூடலாம். உடல் நீரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதே காரணம். ஆனால் கால் வீக்கம் மேலும் மேலும் ஏறி, படுத்தால் மூச்சு முட்டுமானால், அது இதயம் தளர்வதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்காக முறைநாள் வரை காத்திருத்தல் கூடாது.

இத்தனை விளக்கத்திற்கும் அப்பால், நடைமுறையில் மிகுந்த குழப்பத்தை உண்டாக்குவது மாத்திரை உறைதான். அலமாரியில் பழைய 10 மில்லிகிராம் அட்டை பாதி மீந்திருக்கும். புதிய 5 மில்லிகிராம் அட்டை மேலே வைக்கப்பட்டிருக்கும். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில், மங்கிய வெளிச்சத்தில், கைக்குக் கிட்டியதை விழுங்கிவிட்டுப் போவதுண்டு. சிலர் இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்றெண்ணி இரண்டையும் உண்பதுண்டு. ஒரே மருந்து வெவ்வேறு நிறுவனங்களால் வெவ்வேறு வடிவத்திலும் நிறத்திலும் செய்யப்படுவதால், மாத்திரையின் தோற்றத்தை நம்பவே கூடாது. உறையில் அச்சிட்டுள்ள பெயரையும் மில்லிகிராம் எண்ணையும் பார்க்க வேண்டும். எழுத்துத் தெரியாத முதியவர்க்குப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளை இவ்வுதவியைச் செய்யலாம். பழைய அட்டைகளை மருந்தக முகப்பில் திருப்பிக் கொடுத்துவிடுவதே நன்று. "பின்னால் உதவும்" என்று சேர்த்து வைப்பதோ, கொதிப்பு இருக்கிறது என்று சொல்லும் மைத்துனருக்குத் தருவதோ தகாது.

பழைய மாத்திரையையே இரண்டாக வெட்டி உண்ணலாமா எனப் பலரும் வினவுகின்றனர். நடுவே பிளவுக்கோடு உள்ள சில மாத்திரைகளை, மருந்தாளர் இசைந்தால், வெட்டலாம். ஆனால் நாள் முழுதும் சிறிது சிறிதாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை வெட்டவோ நசுக்கவோ கூடாது. வெட்டினால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உடலிற் கலந்து, அழுத்தம் படுவேகமாக வீழும். கண்ணால் பார்த்து வேறுபாடு காண இயலாதாகையால், மருந்து தருபவரைக் கேட்பதே வழி. ஒரு வேளை மறந்துவிட்டால், அதே நாளில் நினைவு வந்தவுடன் உண்ணலாம். மறுநாள் வந்துவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும். இரட்டிப்பாக உண்பது கூடாது.

எந்த வேளையில் உண்பது? பிரித்தானியாவில் இருபத்தோராயிரம் பேரைக் கொண்டு நடத்தி 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, காலையில் உண்டாலும் மாலையில் உண்டாலும் மாரடைப்பும் பக்கவாதமும் நேர்வதில் வேறுபாடில்லை எனக் கண்டது. பால்வெட்டுக்குச் செல்வோருக்கு இது நற்செய்தி. காலையில் மாத்திரை உண்டு வெட்டுக்குப் போனால் தலை சுற்றுகிறது என்போர், மருத்துவரைக் கேட்டு, மாலை வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம். நீர் இறக்கும் மாத்திரையை மட்டும் இரவில் உண்டால் தூக்கம் கெடும். விடியுமுன் உண்டால் வெட்டு நேரத்தில் தொல்லை. வேலை முடிந்து வீடு திரும்பியபின் உண்பது பலருக்கு வசதியாக இருக்கும். எவ்வேளையாயினும் நாள்தோறும் அதே வேளையில் உண்ண வேண்டும்.

அளக்கும் முறையிலும் கவனம் தேவை. வெட்டு முடிந்து வியர்வையோடு வந்து அமர்ந்தவுடன் அளப்பதில் பயனில்லை. காப்பி குடித்தும் புகைபிடித்தும் அரைமணி நேரமாவது சென்றிருத்தல் வேண்டும். நாற்காலியில் முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல், பேசாமல் ஐந்து நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும். பட்டையைச் சட்டையின்மேல் சுற்றாமல் வெறும் புயத்தில் சுற்றி, கையை மேசைமேல் இதயத்தின் மட்டத்தில் வைக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மருத்துவரைக் காணச் செல்லும் முன் ஏழு நாள்கள், காலையும் மாலையும் இவ்வாறு அளந்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு எஞ்சியவற்றின் சராசரியைக் கணக்கிடுதல் முறை. வீட்டில் அளக்கும் சராசரி 135க்கு 85ஐ எட்டினாலோ தாண்டினாலோ கட்டுப்பாடு போதாது எனக் கருதப்படும். நீரிழிவோ இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்க்கு மருத்துவர் அதனினும் தாழ்ந்த இலக்கை வகுப்பார். கருவி வாங்க வசதியில்லாதவர், தோட்ட மருந்தகத்தில் டிரெசர் இருப்பின் அவரிடம், இல்லையேல் அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தில், வாரம் ஒருமுறையேனும் அளந்து குறித்து வரலாம்.

மருந்து குறைக்கப்பட்டபின் உணவின் பங்கு கூடுகிறது என்பதை விளக்கத் தேவையில்லை. நாளொன்றுக்கு 5 கிராம், அஃதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்கும் குறைவாக உண்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2017-2018ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் நடந்த ஆய்வோ, மலேசியர் சராசரியாக ஏறத்தாழ 8 கிராம் உண்பதாகக் கண்டது. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், பெலாச்சான், கிச்சாப், உறையில் வரும் மீ ஆகியவற்றில் உப்பு ஒளிந்து கிடக்கிறது. கருவாட்டை அறவே விடச் சொன்னால் எவரும் கேட்கப் போவதில்லை. நீரில் நன்றாக ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, வாரத்தில் ஒருநாள் சமைப்பது நடக்கக்கூடியது. மீயைச் சமைக்கும்போது அதன் தூளில் பாதியை எறிந்துவிடலாம்.

உணவைவிடக் கூடுதலாக எச்சரிக்க வேண்டியது உடல்வலி மாத்திரையைப் பற்றி. நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து உழைப்பவர்க்கு இடுப்பும் முழங்காலும் வலிப்பது இயற்கை; கடையில் வாங்கும் வலி மாத்திரையை அடிக்கடி விழுங்குவதும் வழக்கமாகிவிட்டது. டைக்குளோபெனாக், ஐபுபுரோபென், மெபெனாமிக் அமிலம் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். நீர் இறக்கும் மாத்திரையோடும் பெரிண்டோபிரில் போன்ற மருந்தோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தையும் தாக்கும். "அளவைக் குறைத்ததால்தான் கொதிப்பு ஏறியது" என்று எண்ணும் சிலரிடத்தில் உண்மையான காரணம் இந்த வலி மாத்திரையாகவே இருக்கும். பாராசித்தமோல் இவ்வகையில் ஓரளவு பாதுகாப்பானது. சந்தைகளில் விற்கப்படும் பதிவு பெறாத ஜாமு, மூட்டுவலி உருண்டை முதலியவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அதுவும் அழுத்தத்தை ஏற்றும். கள்ளும் சம்சுவும் அவ்வாறே.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்ட நாளிலும், தைப்பூசம் போன்ற விழாக்களுக்காகக் கடும் விரதம் இருக்கும் நாள்களிலும் உடலில் நீர் குறைகிறது. அத்தகைய வேளைகளில் குறைந்த அளவும் மிகையாகிவிடக் கூடும். விரதம் தொடங்குமுன்னரே மருத்துவரிடம் சொல்லி வழி கேட்டுக்கொள்ள வேண்டும். வெட்டுக்குப் போகும்போது போத்தலில் நீர் எடுத்துச் சென்று, தாகம் எடுக்குமுன் சிறிது சிறிதாகப் பருகி வருவது நலம்; நீரைக் கட்டுப்படுத்துமாறு மருத்துவர் கூறியிருப்பின், அவர் சொன்ன அளவே அளவு. தாழ்ந்த பட்டையில் வெட்டியபின் சட்டென்று நிமிராமல், மரத்தைப் பற்றிக்கொண்டு மெல்ல எழுதல் வேண்டும். கண் இருட்டினால் உளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். நிரையை முடித்துவிட்டு உட்காரலாம் என்று நடப்பவரே விழுகின்றனர்.

மேல் எண் 180ஐயோ கீழ் எண் 110ஐயோ தொட்டால், ஐந்து நிமிடம் ஓய்ந்திருந்து மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் அவ்வாறே இருந்தால் அன்றைய தினமே மருத்துவரைக் காண வேண்டும். எண் எதுவாயினும், முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கையோ காலோ வலுவிழந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நெஞ்சு இறுகி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, 999க்கு அழைக்க வேண்டும். அழைப்பவர் தோட்டத்தின் பெயரோடு, எந்த டிவிஷன், எந்தச் சாலை வழியாக உள்ளே வருவது என்பதையும் சொல்ல வேண்டும். முதன்மைச் சாலைச் சந்திப்பில் ஒருவர் நின்று வண்டியை வழிகாட்டி அழைத்து வந்தால், செம்மண் பாதையில் வீணாகும் நேரம் மிஞ்சும். வீட்டிலுள்ள பழைய மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்து அழுத்தத்தை இறக்க முயலுதல் கூடாது.

முறைநாளில் மருந்தகத்துக்குப் புறப்படும்போது, எண்கள் எழுதிய தாளையும், உண்டு வரும் எல்லா மாத்திரைகளின் உறைகளையும், கடையில் வாங்கிய வலி மாத்திரை, ஜாமு உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். எந்தத் தேதியிலிருந்து புதிய அளவு தொடங்கப்பட்டது, எத்தனை நாள் மறந்துபோயிற்று, கிறுகிறுப்பு நின்றதா, கால் வீக்கம் வடிந்ததா ஆகிய நான்கையும் தாளின் மேல்பகுதியில் எழுதிவிட்டால், மருத்துவர் கேட்கும்போது தடுமாற வேண்டியதில்லை. மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசத் தயங்குவோர், பேசத் தெரிந்த மகளையோ மருமகனையோ உடன் அழைத்துச் செல்லலாம். அன்று காலை மாத்திரையை வழக்கம்போல் உண்டுவிட்டே செல்ல வேண்டும். "சோதனைக்குப் போகிறோமே" என்று அதனை உண்ணாமல் சென்றால், புதிய அளவு பொருந்தியதா என்பதை மருத்துவரால் அறிய இயலாது.